ஒரு கிட்னி, ரெண்டு சுகர்

காலை ஆறு மணிக்கு என் வண்டி முன்னால் வந்து நிற்கிறவர்கள் யாரும் சாற்றின் பெயரைச் சொல்வதில்லை. நோயின் பெயரைத்தான் சொல்வார்கள்.

"அண்ணே, ரெண்டு சுகர்."

"எனக்கு ஒரு கொழுப்பு. இவருக்கு ஒரு கிட்னி."

"அல்சர் இருக்கா, தீந்துருச்சா?"

பாகற்காய்ச் சாறுதான் சுகர். கொள்ளுக் கஞ்சி கொழுப்பு. மணத்தக்காளி அல்சர். வாழைத்தண்டு கிட்னி. பழங்காநத்தத்தில் ஒரு மைதானத்து வாசலில் நாலு வருஷமாக இந்த வண்டி நிற்கிறது. நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் மைதானத்தை நாலைந்து சுற்று சுற்றிவிட்டு, வியர்வையோடு வந்து நோயைச் சொல்லிக் குடித்துவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் திகைப்பார்கள். மறுநாள் அவர்களும் "ஒரு பிரஷர்" என்று கேட்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் தேடி வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. போர்வெல் லாரியில் ராஜஸ்தான் வரைக்கும் போனேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் பரோட்டா, பிறகு ஒரு கட்டிடத்தில் சாரம் சரிந்து கால் முறிந்தது. கனம் தூக்க முடியாமல் போனபோது திருச்சியில் ஒரு மூலிகைச் சாறு வண்டிக்காரர் அரைத்துக் கொடுக்க ஆள் தேடினார். நாற்பது நாள் அவரிடம் இருந்தேன். அவர் வண்டியில் ஒரு பலகை தொங்கும். இந்தப் பக்கம் சாறு, அந்தப் பக்கம் அது தீர்க்கும் நோய். அதை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவரும் வேறு ஒரு பலகையைத்தான் காட்டியிருப்பார்.

மற்றபடி எனக்கு எதையும் தோண்டிப் பார்க்கிற குணம் உண்டு. என்னிடம் தினமும் பாகற்காய் குடிக்கிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஒரு நாள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். பாக்கெட் மேல் கம்பங்கதிர் படம்.

"மாப்ள, இது சிறுதானிய பிஸ்கட். சுகருக்கு ஒண்ணும் பண்ணாது. மருமக ஆன்லைன்ல வாங்கிக் குடுத்துச்சு. ஒண்ணு எடுத்துக்க."

நான் பாக்கெட்டைத் திருப்பினேன். முன்பு ஒரு தின்பண்டக் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலையில் இரண்டு மாதம் இருந்திருக்கிறேன். பின்பக்கப் பொடி எழுத்தில் எது அதிகமோ அது முதலில் வரும் என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, இதுல கம்பு அஞ்சாவதா நிக்குது."

"எங்க நின்னா என்ன?"

"முதல்ல ஏறுனவங்கதாண்ணே சீட்டைப் பிடிச்சிருக்காங்க. மைதா, சீனி, பாமாயில். கம்பு படிக்கட்டுல தொங்குது."

அவர் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். "தொங்குனாலும் டிக்கெட் டிக்கெட்தான்டா" என்று சொல்லி இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டார்.

கம்பங்கூழும் நான் விற்கிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அதை யாரும் ஆசைப்பட்டுக் குடித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி. அரிசி இல்லாத நாளில் கம்பு, அதுவும் இல்லாத நாளில் தண்ணீர். இப்போது காரில் வந்து இறங்குகிறவர்கள், "அந்தக் காலத்துச் சாப்பாடுண்ணே. அப்ப யாருக்கு சுகர் வந்துச்சு?" என்கிறார்கள். வந்ததா இல்லையா என்று பார்க்க எங்கள் ஊரில் அப்போது ரத்தம் எடுத்தவர் யாரும் இல்லை. இதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. கூழ் நல்ல சாப்பாடுதான், விற்கவும் வேண்டும்.

ஆக, பாக்கெட்டையும் பழங்காலத்தையும் சந்தேகப்பட எனக்குத் தெரிந்திருந்தது. என் தலைக்கு மேல் தொங்கிய பலகையை மட்டும் நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

போன மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு பாய் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, உயரமான ஆள். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. டவுனுக்குள் ஒரு சந்தில் பித்தான், ஜிப், லேஸ் விற்கிற கடை வைத்திருந்தார். வீடு பழங்காநத்தத்தில். வந்தவர் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"தம்பி, கிட்னிக்கு வாழைத்தண்டுன்னு போட்டிருக்கே. கேக்குமா?"

"கல்லையே கரைக்கும் பாய்."

"எனக்குக் கல்லு இல்ல. கிரியாட்டினின் ஏறியிருக்காம்."

"எல்லாம் கிட்னிதான பாய்" என்றேன்.

இந்த நாலு வருஷத்தில் நான் சொன்ன ஆயிரம் சொற்களில் இன்றைக்கும் காதில் நிற்பது அதுதான்.

குடித்தபடியே அவர் விஷயத்தைச் சொன்னார். சர்க்கரை இரண்டு கிட்னியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. மாத்திரையும் பத்தியமுமாக இருந்தால் டயாலிசிஸ் மிஷினைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் அதில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு நாள் மிஷின்ல கெடந்தா கடைய யாரு தொறக்குறது? பிள்ளைகளக் கட்டிக் குடுத்தாச்சு. வீட்ல நானும் அவளும்தான். மிஷினுக்குப் போயிரக் கூடாது தம்பி. அதுக்காக எதையும் குடிப்பேன்."

பிறகு தினமும் வந்தார். சோழவந்தான் பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் தண்டில் நல்ல உள்தண்டாக எடுத்து அவருக்கென்று தனியாக அரைத்தேன். மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் என்றால் அவருக்குப் பெரிய டம்ளர். அவரும் சும்மா இல்லை. செல்போனில் பார்த்துப் பார்த்து உடம்பைத் திருத்திக்கொண்டிருந்தார். வீட்டில் சாதா உப்பை நிறுத்திவிட்டு, சோடியம் குறைந்தது என்று விற்கிற உப்பை வாங்கினார்கள். பதினோரு மணிக்கு இளநீர். மதியம் கீரை. சாயங்காலம் தக்காளி சூப். டீயை விட்டுவிட்டார். பிரியாணியை விட்டுவிட்டார்.

"சபாஷ் பாய், இதாங்க வைராக்கியம்" என்று நான் மெச்சினேன். உண்மையாகவே மெச்சினேன்.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு நாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கால் ரெண்டும் வலுவே இல்லாம இருக்கு தம்பி."

"நச்சு வெளியேறுது பாய். முதல்ல அப்படித்தான் இருக்கும்."

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு வீடியோவில். அதில் பேசியவர் விற்றது வேறு ஒரு பொடி.

அதன்பிறகு அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் புர்கா போட்ட ஒரு அம்மா கையில் நோட்டும் பேனாவுமாக வண்டி முன்னால் வந்து நின்றார்.

"வாழைத்தண்டு சாறு போடுற தம்பி நீங்கதானா?"

"ஆமாக்கா."

"பித்தான் கடை பாய் வீட்டுக்காரம்மா நான். அவர ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"நெஞ்சு தாறுமாறா அடிச்சுச்சு. கால் ரெண்டும் துணி மாதிரி தொங்கிப்போச்சு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக்கெடக்காம். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா இதயமே நின்னுருக்கும்னுட்டாங்க." அவர் நோட்டைத் திறந்தார். "சாப்பாட்டைப் பத்திச் சொல்ற மேடம் ஒருத்தங்க, அவரு குடிச்சது தின்னது எல்லாத்தையும் எழுதிட்டு வரச் சொன்னாங்க. ஒரு டம்ளருக்கு எம்புட்டுத் தண்டு போடுவீங்க? வேற என்ன சேப்பீங்க?"

"ஒரு சாண் தண்டுக்கா. பாய்க்கு மட்டும் ஒன்றரைச் சாண். கொஞ்சம் மிளகு, மோரு." அவர் எழுதும்வரை நின்றேன். பிறகு, "அக்கா, நானும் வாரேன்" என்றேன்.

வண்டியைப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். குற்ற உணர்ச்சிதான் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வாழைத்தண்டு எப்படி ஒரு ஆளைச் சாய்க்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பஸ் பாதி தூரம் போன பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்ககூட சண்டை போடணும்னுதான் வீட்டுல இருந்து கெளம்புனேன். வழியில யோசிச்சுப் பாத்தா, டாக்டரு தனியாக் கேட்ட அந்தப் புது உப்பை வாங்குனது நான்தான்."

அந்த மேடம் சின்ன வயதுப் பெண். மேசை மேல் பிளாஸ்டிக் காய்கறிகள் பரப்பி வைத்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. உங்ககிட்ட தினம் எத்தனை பேர் குடிப்பாங்க?"

"அது கெடக்கட்டும் மேடம். வாழைத்தண்டு கெட்டதா?"

"யார் சொன்னா? உங்களுக்கு நல்லது, எனக்கு நல்லது. அவருக்கு இப்ப ஆகாது."

"கிட்னிக்கு நல்லதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க?"

"கல்லு இருக்கிறவங்களுக்குச் சொல்லுவாங்க. அதுலயும் எந்தக் கல்லுன்னு பாக்கணும். இவருக்கு இருக்கிறது கல்லு இல்ல, கிட்னியே பலவீனம். பொட்டாசியம் கூடிப்போனா அதை யூரின்ல வெளியே தள்ளுறது கிட்னியோட வேலை. இவரோடதால தள்ள முடியல. நீங்க ஊத்த ஊத்த அது உள்ளேயே நிக்கும்."

அந்த அக்கா எழுதி வந்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டார். வாழைத்தண்டு, இளநீர், கீரை, தக்காளி. நாலும் நல்ல சாப்பாடு, நாலிலும் பொட்டாசியம். கடைசியாக உப்பைத் தொட்டார்.

"சோடியத்தைக் குறைச்சா உப்புக் கரிக்காது. அந்த இடத்துக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கெட் பின்னாடியே இருக்கும். பொட்டாசியம்தான். பிரஷர் மட்டும் இருக்கிறவங்களுக்கு அது நல்லதாகூட இருக்கும். கிட்னி கெட்டவங்க தொடவே கூடாது."

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிக் கண்டக்டரிடம் வாய் கிழியப் பேசியவன் நான். பாய் உப்பை மாற்றினேன் என்று சொன்னபோது, எங்கே பாக்கெட்டைக் கொண்டுவாங்க என்று கேட்டிருக்கலாம்.

பிறகு அவர் அக்காவுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தார். காயைச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும். நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைக்க வேண்டும். வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும்.

"ஐயோ, சத்தெல்லாம் போயிருமே!" நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"போகணும். அதுக்குத்தான் வேகவைக்கிறதே."

எத்தனையோ ஊர் அடுப்பில் நின்றிருக்கிறேன். சத்தை வெளியேற்றுவதற்காகச் செய்கிற சமையலை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எழுந்திருக்கும்போது கேட்டேன். "மேடம், என் சாறாலதான் பாய்க்கு இப்படி ஆச்சா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "உப்பும் இருக்கு, இளநீரும் இருக்கு. கிட்னி முன்னாடியே கெட்டிருக்கு. உங்க பங்கு எம்புட்டுன்னு ரத்தத்துல பிரிச்சுப் பாக்க முடியாதுண்ணா."

ஆறுதல் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

வார்டில் பாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "மருந்துலயே எறக்கிட்டாங்க தம்பி. மிஷின்ல போடல. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்பாங்களாம். அதுல ஏறியிருந்தா போட்டுருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒன்றரைச் சாண் விஷயத்தை இவகிட்ட ஏன்யா சொன்ன? அளவு மீறிக் குடிச்சேன்னு உசுர எடுக்குறா" என்றார்.

மறுநாள் பலகையில் நோய்கள் எழுதிய பாதியை வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்தேன். சாறுகளின் பெயர் மட்டும் நின்றது. அதைப் பார்த்த பிறகும் ஆட்கள் "ஒரு கிட்னி" என்றுதான் கேட்டார்கள். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கல்லா, கிரியாட்டினினா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? டாக்டரிடம் இதைக் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்களா?

கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே சர்வீஸ்ல இம்புட்டுக் கேள்வி கேட்டதில்லடா. சாற ஊத்து."

"காலையில சுகர் மாத்திரை போட்டாச்சா?"

"போட்டுட்டுத்தான் வாரேன். வெறும் வயித்துல மாத்திரை, நாலு சுத்து நடை, பெறகு உன் பாகற்காய். வீட்டுக்குப் போகையில வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். கொழுப்பு கரையுதுல்ல."

"அண்ணே, அது கொழுப்பு கரையுறதா எனக்குத் தெரியல. சுகர் ரொம்ப எறங்குதோ என்னவோ. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்குத் தர மாட்டேன்."

"நீ தராட்டி போ. அங்கிட்டு ஒருத்தன் இருபத்திரண்டு நோய்க்கு வச்சிருக்கான்."

உண்மைதான். மைதானத்தின் அடுத்த வாசலில் ஒரு வண்டி புதிதாக வந்திருந்தது. கண்டக்டரோடு சேர்ந்து என் ஆட்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. நோயோடு வருகிறவனுக்குப் பதில் வேண்டும், நான் கேள்வி வைத்திருந்தேன். மீந்த சாற்றை நானே குடித்தேன். அதற்கும் மேல் மீந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். நாலாம் நாள் கண்டக்டர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி, அளவையும் குறைத்திருந்தார். என்ன வேண்டும் என்றேன். "மோரு ஊத்து. அதுக்கும் ஏதாச்சும் கேள்வி இருக்கா?" என்றார்.

அந்த மாதத்தில் இரண்டு முறை பாய் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் தடவை போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். தட்டில் வெந்து வெளுத்த சுரைக்காய்.

"பாருய்யா. செத்துப்போன காயோட ஜனாஸாவத் தூக்கிட்டு வந்து தட்டுல வச்சிருக்கா" என்றார் பாய்.

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "காய்க்கு ஜனாஸான்னா பரவால்ல. வாய மூடிட்டுத் தின்னுங்க."

எனக்கும் ஒரு தட்டு வந்தது. உண்மையிலேயே அதில் ஒன்றும் இல்லை. வெந்த பஞ்சு மாதிரி இருந்தது. அக்கா வடித்து வைத்திருந்த தண்ணீர் சட்டியில் இருந்தது. ஆசை விடாமல் ஒரு கரண்டி மொண்டு குடித்துப் பார்த்தேன். லேசாகத் தித்தித்தது. காயில் இருந்த ருசி முழுக்க அதில் இருந்தது. பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை வைத்துவிட்டு சட்டியை எடுத்துப் போய் முற்றத்துச் சாக்கடையில் கொட்டினேன்.

"குடிக்கத் தண்ணி கூட அளவுதான் தம்பி" என்றார் அவர். "விடிஞ்சா ஒரு பாட்டிலை வச்சிர்றா. அதுக்கு மேல கெடையாது. நோன்பைவிடக் கஷ்டம். நோன்புன்னா பொழுது சாஞ்சு மஃரிபுக்காவது தண்ணி உண்டு."

"டெஸ்ட்டு என்னைக்கு பாய்?"

"வியாழக்கெழமை. துஆ செய்யி."

எனக்கு எந்தச் சாமியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வியாழன் வருகிறவரைக்கும், பொட்டாசியம் ஏறினால் என்ன, கிரியாட்டினின் ஏறினால் என்ன என்று மருத்துவமனைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மேடத்தைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாவது சாப்பாட்டால் ஏறும், சாப்பாட்டால் கொஞ்சம் இறங்கவும் செய்யும். இரண்டாவது கிட்னி வடிக்காமல் விட்ட கழிவின் கணக்கு, ஒருமுறை ஏறிவிட்டால் பழைய இடத்துக்கு வருவது அபூர்வம், நின்ற இடத்தில் நின்றாலே பெரிது என்றார். வாழைத்தண்டு அரைக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு தண்டு, ஒரே சாறு. இதே டம்ளர் ஒரு ஆளுக்கு மலச்சிக்கலைத் தீர்க்கிறது, இன்னொரு ஆளை வார்டில் படுக்கவைக்கிறது. தண்டுக்கு ரெண்டும் தெரியாது.

சனிக்கிழமை காலை, கூட்டம் குறைந்த நேரத்தில் பாய் மைதானத்துப் பக்கமிருந்து நடந்து வந்தார். கால் தடுமாறவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து வண்டி மேல் வைத்தார்.

"நீயே படி. என் கண்ணாடி வீட்டுல இருக்கு."

கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. நான் கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் சர்க்கரை. இரண்டாம் பக்கத்தில் கீழே பொட்டாசியம். பக்கத்தில் போட்டிருந்த அளவுக்குள் நின்றது. அதற்கு மேல் வரியில் கிரியாட்டினின். போன மாதத்துக் காகிதத்தையும் அவர் கூடவே வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"பொட்டாசியம் எறங்கிருச்சு பாய்."

"அது கெடக்கட்டும். மத்தது?"

"அதே இடத்துல நிக்குது."

"ஏறலல்ல?"

"ஏறல. எறங்கவும் இல்ல."

அவர் காகிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். "டாக்டரும் அதான் சொன்னாரு. இப்பத்திக்கு மிஷின் வேணாம், ஒன்றரை மாசம் கழிச்சு வாங்கன்னாரு. உன் வாயாலயும் கேக்கணும்னு தோணுச்சு" என்று சொல்லி நாலாக மடித்துப் பையில் வைத்தார். அப்போது வந்து நின்ற ஒருவர் "ஒரு கிட்னி" என்று கேட்க, பாய் அவர் பக்கம் திரும்பி, மேலும் கீழும் பார்த்தார். "கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர்.

"டாக்டரு பாத்துச் சொன்னதா?"

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் தண்டை நறுக்காமல் நின்றேன்.

பாய் மணியைப் பார்த்தார். "வாரேன் தம்பி. சனிக்கெழமை தையக்காரங்க சீக்கிரமே வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு, எதுவும் குடிக்காமல், கடை திறக்க பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.